ஐஸ் பெட்டியில் லித்தியம்

என் வீட்டுக்காரர் பூவரசன், பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவர். பிடித்தவர் என்று எழுத வேண்டும். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது சொல்லப்போவது அந்தக் கதை இல்லை. அவருக்கு ரிமோட் கார் பைத்தியம் பிடித்த கோடைக்காலத்துக் கதை.

ரிமோட் கார் என்றால் திருவிழாக் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் சாமான் இல்லை. முழங்கை நீளம், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங், விட்டால் முயல் மாதிரிப் பாயும். பழவேற்காடு பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஃபீக் பாய், சென்னையில் யாரோ வீடு காலி செய்தபோது ஒரே மாதிரி இரண்டு கார்களை மூட்டையாக வாங்கி வந்தார். ஒன்றை என் வீட்டுக்காரர் ஒரு கூடை பச்சை நண்டு கொடுத்து எடுத்துக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் இன்னொன்றை என் பெரியப்பா மகன் தமிழ்வாணன் எடுத்துக்கொண்டான்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் குப்பத்தில் ஒருத்தர் வலைக்கண்ணின் அளவை மாற்றினால் சாயங்காலத்துக்குள் எல்லார் வலைக்கண்ணும் மாறிவிடும். யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பொய் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வேலி ஓரமாகப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் நம்பகமான செய்தி. இது பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்வாணன் எனக்கு அண்ணன், அவருக்கு மச்சான். சின்ன வயசில் நீச்சலில் போட்டி, பிறகு படகில் போட்டி, கல்யாணத்துக்குப் பிறகு யார் வீட்டு டிவி பெரியது என்பதில் போட்டி. இப்போது கார் வந்தது.

ஓட்டுவதற்கு இடம் ஏரியே கொடுத்தது. சித்திரையில் தண்ணீர் அரை மைல் உள்ளே போய்விடும். அடியில் கிடந்த சேறு காய்ந்து, மேலே உப்புப் பூத்து, சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிடும். அதில் இரண்டு வலைக்கழிகளை அறுபது எட்டு வைத்து நடக்கிற இடைவெளியில் நட்டு, சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். இரண்டும் ஒரே கார், இரண்டிலும் கூடவே வந்த பழைய நிக்கல் பேட்டரி. ஒரு நாள் இவர் ஜெயிப்பார், ஒரு நாள் அண்ணன் ஜெயிப்பான். பத்து நாளில் இரண்டு பேருக்குமே சலித்துப்போனது. அப்போதுதான் பந்தயம் கட்டினார்கள். எனக்குச் சொல்லவில்லை.

நான் கண்டுபிடித்தது இப்படி. ஒரு காலையில் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து, சார்த்தி வைத்திருந்த எங்கள் வலைக்கழிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். "வர்ற அமாவாசைக்குத் தாங்குமா இது?" என்று கேட்டான். எங்கள் கழியின் ஆரோக்கியத்தைப் பற்றி அவன் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. மதியம் என் வீட்டுக்காரருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, குழம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன். வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பாட்டைப் பந்தயம் வைத்திருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்துப் பக்கம் இறால் வலையை நினைத்தவர் நினைத்த இடத்தில் கட்ட முடியாது. கல்யாணமான ஆண்கள் பெயரைச் சீட்டு எழுதிப் போட்டு, வரிசை எடுத்து, முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். எங்களுக்கு இருபத்து மூன்று நாளைக்கு ஒரு பாடு. இறால் அதிகம் ஓடுவது அமாவாசை இருட்டில். எங்கள் பாடு சரியாக அமாவாசையில் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த வைகாசி அமாவாசை எங்களுடையது. அதற்காக நான் வலையின் கிழிசலை எல்லாம் பங்குனியிலேயே முடிந்து வைத்திருந்தேன்.

பாட்டை ஒருத்தர் இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுக்கலாம், ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. விற்கக் கூடாது. பந்தயத்தில் வைப்பதற்கு விதி ஏதும் இல்லை. அப்படி ஒரு ஆள் பிறப்பான் என்று விதி போட்டவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் தெரிந்தால் இரண்டு பேர் வலையும் ஒரு வருஷம் கரையில்தான் கிடக்கும்.

"நீ தோத்தா அமாவாசைப் பாடு அவனுக்கு. அவன் தோத்தா?"

"அவனோட அடுத்த பாடு நமக்கு" என்றார். "அது தேய்பிறைதான். ஆனா நான் தோக்க மாட்டேனே."

நாற்பது சுற்று, எந்தப் பேட்டரி வேண்டுமானாலும் போடலாம், அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இதுதான் ஒப்பந்தம். குழம்பை ஊற்றினேன். திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. இனி பாடு நிற்பதும் போவதும் பேட்டரியில் இருக்கிறது என்று தெரிந்தபிறகு, நானும் அவருடன் பஜாருக்குக் கிளம்பினேன்.

ரஃபீக் பாய் கடையின் கண்ணாடி மேஜை மேல் நாலு வகையை வரிசையாக வைத்தார். எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வது அவருக்குக் கைவந்த கலை.

முதலில் நிக்கல். ஆறு உருண்டை செல்களை நீலத் தாளில் சுற்றியது. கனம். பாய் அதைக் கெளுத்தி மீன் என்றார். சேற்றில் போடு, வெயிலில் போடு, கீழே போடு, சாகாது. ஆனால் கொடுவா மாதிரிப் பாயச் சொன்னால் பாயாது. இரண்டாவது லித்தியம். வெள்ளிக் காகிதத்தில் மடித்த பிஸ்கட் பொட்டலம் மாதிரி, தட்டையாக, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. இதை வெள்ளை இறால் என்றார். வேகமும் உண்டு, விலையும் உண்டு, ஆனால் ஏகப்பட்ட பத்தியம். மூன்றாவது லித்தியத்திலேயே இரும்பு கலந்த ஒரு வகை. சாது, நெருப்புப் பிடிக்காது, பல வருஷம் வரும்; வேகம் நிக்கலுக்கும் மற்றதற்கும் நடுவில், அதற்குச் சார்ஜரில் தனி முறை வைக்க வேண்டும். நாலாவது பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்கள். டார்ச்சுக்குப் போதும், கார் மோட்டார் ஒரே மூச்சில் கேட்கிற கரண்டைக் கொடுக்க அதனால் முடியாது, மூச்சு வாங்கும் என்று அவரே ஒதுக்கி வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கை லித்தியத்தை விட்டு நகரவில்லை. நான் இரும்பு கலந்ததைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்த பார்வையில், சந்தைக்கு வந்து கருவாடு வாங்கச் சொன்ன மாதிரி இருந்தது.

"பாய், வித்தியாசம் ஒரே வார்த்தையில சொல்லு" என்றார்.

பாய் கொஞ்சம் யோசித்தார். "நிக்கல் சொல்லிட்டுப் போவும் பூவரசு. கொஞ்சம் கொஞ்சமா வேகம் கொறையும், உனக்கே தெரியும். லித்தியம் கடைசி வரைக்கும் ஒரே வேகம். அப்புறம் சொல்லாம போயிடும்."

"அப்ப லித்தியம்தான்" என்றார் இவர்.

"இதையேதான் உன் மச்சானும் காலையில சொன்னாரு" என்றார் பாய். அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே வந்து போயிருந்தான்.

பேட்டரியோடு ஒரு தாள் வந்தது, எறும்பு எழுத்தில் ஆங்கிலம். பொன்னேரி காலேஜில் பி.எஸ்சி. இரண்டு வருஷம் படித்துவிட்டுக் கல்யாணத்துக்காக நிறுத்தியவள் நான். அந்தப் படிப்புக்கு முதல்முதலாக வேலை கிடைத்தது. உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொன்னேன். சார்ஜ் போடும்போது தீப்பிடிக்காத பாத்திரத்தில் வைக்க வேண்டும். ஓட்டாமல் சும்மா வைப்பதாக இருந்தால் முழுக்க ஏற்றாமல் பாதியில் நிறுத்தி வைக்க வேண்டும். சூடான இடத்தில் வைக்கக் கூடாது. குளிரக் குளிர ஓட்டவும் கூடாது. பேட்டரி உப்பி வீங்கினால் தொடக் கூடாது, தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

முதல் விதிக்கு, மீன் குழம்புக்கென்று நான் வாங்கி இன்னும் அடுப்பில் ஏற்றாத மண்சட்டி போனது. அடியில் மணல் போட்டு, நடுவில் பேட்டரியை வைத்து, சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை சாமி கும்பிடுகிற மாதிரி எதிரில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது விதியில் சண்டை வந்தது. பாதியில் நிறுத்த அவர் ஒப்புக்கொள்ளவில்லை. படகில் விளக்குக்கு வைத்திருக்கிற பேட்டரியைத் தினமும் நிரப்பித்தான் வைப்போம். அரை வயிற்றில் வைத்த பேட்டரி நடு ஏரியில் கழுத்தை அறுக்கும். பதினைந்து வருஷப் பழக்கத்தை ஒரு தாளைக் காட்டி மாற்ற முடியுமா?

"அது வேற சாதி பேட்டரிய்யா" என்றேன்.

"பசிக்கு எல்லாம் ஒண்ணுதான்மே" என்றார்.

முழுக்க நிரப்பி, பந்தயம் வரை தொடக் கூடாது என்று அலமாரிக்கு மேல் வைத்தார். அலமாரிக்கு மேல் ஒரு முழத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அக்னி நட்சத்திரம். ஒன்பது நாள் கழித்து, பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை காலையில் எடுத்தபோது பிஸ்கட் பொட்டலம் பேத்தை மீன் மாதிரி உப்பிக் கிடந்தது. பேத்தையைத் தண்ணீரிலிருந்து எடுத்தால் வயிற்றை ஊதிக்கொண்டு முறைக்குமே, அதே முறைப்பு.

அவர் விரலால் அமுக்கிப் பார்த்தார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

இங்கேதான் அந்தக் காரியம் நடந்தது. உலகத்தில் வேறு எந்த ஊரில் யாருக்கு இந்தப் பேட்டரி உப்பியிருந்தாலும் இது தோன்றியிருக்காது. நான் அப்போதே பொன்னேரி ஐஸ் கம்பெனி டெம்போவில் வரும் ஐஸ் கட்டியை உடைத்து மீன்காரப் பெண்களுக்குக் கொடுக்கிற வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டு வாசலில் எப்போதும் பெரிய தெர்மகோல் பெட்டி இருக்கும். எங்கள் ஊரில் எது கெடப்போகிறது என்று தோன்றினாலும், மீனோ பாலோ மாத்திரையோ கல்யாண மாலையோ, அது அந்தப் பெட்டிக்குத்தான் வரும். என் வீட்டுக்காரர் பேட்டரியை இரண்டு பிளாஸ்டிக் பையில் முடிந்து, இறாலைப் பரப்புகிற மாதிரி, கீழே ஒரு அடுக்கு ஐஸ், மேலே ஒரு அடுக்கு ஐஸ், நடுவில் லித்தியத்தைப் படுக்க வைத்தார்.

மத்தியானம் எடுத்துப் பார்த்தால் வீக்கம் கொஞ்சம் வற்றின மாதிரிதான் இருந்தது. அவர் முகத்தில் டாக்டர் களை வந்துவிட்டது. அந்தக் களையோடு மறுபடி பைக்குள் முடிந்துகொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் என் அண்ணி சுபஸ்ரீ நின்றுகொண்டிருந்தாள். ஐஸ் வாங்க வந்தவள். ஒன்றும் கேட்கவில்லை. ஐஸை வாங்கிக்கொண்டு, வழக்கமான நடையைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காரில் மாட்டி வாசலில் விட்டுப் பார்த்தார். கார் ஒரு தரம் துள்ளியது, நின்றது. விசையை அழுத்தினால் மறுபடி ஒரு துள்ளல், மறுபடி நின்றது. நான் தாளைக் கொண்டுவந்து குளிர் பற்றிய வரியை விரல் வைத்துக் காட்டினேன். குளிர்ந்துபோன லித்தியம் கரண்டைத் தள்ள முடியாமல் திணறும்; பேட்டரி காலி என்று நினைத்துக் காரே தன்னை நிறுத்திக்கொள்ளும்.

நான் கழற்றி வைத்திருந்த பழைய நிக்கலை எடுத்துச் சார்ஜில் போட்டேன். மணல் சட்டி கூட அதற்குத் தேவைப்படவில்லை. அந்த வெள்ளிப் பொட்டலத்தை ஒரு வாளி மணலில் புதைத்துக் கொல்லையில் வைத்துவிட்டு வந்தேன்.

"நிக்கலை வெச்சு அவன் லித்தியத்தை எப்படிமே ஜெயிக்கறது? அமாவாசை போச்சு" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, அண்ணி வந்தாள். இரண்டு கட்டி ஐஸ் வேண்டுமாம். கூடவே கல்லுப்பு இருக்கிறதா என்றாள்.

ஐஸில் உப்புப் போட்டால் குளிர் இன்னும் ஏறும் என்பது எங்கள் ஊரில் நடக்கக் கற்ற பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் வீட்டில் அன்றைக்கு மீன் ஏது? எனக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் புரிந்துவிட்டது. அண்ணி தலை மறைந்ததும், காலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த அவர் முகம் மெதுவாக விரிந்தது.

"நீ வாயைத் திறக்காத" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்கும் அந்த அமாவாசைதான் வேண்டும். ஆனால் கிணற்றில் விழப்போகிறவன் கூட வளர்ந்த அண்ணனாக இருந்தால் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? சாயங்காலம் ஏரிக்குப் போகிற வழியில் அண்ணனை நிறுத்திச் சொன்னேன். லித்தியத்தை ஐஸில் வைக்கக் கூடாது, இப்போதே எடுத்து வெயிலில் காட்டினால் பிழைக்கும், நாங்கள் வைத்து ஏமாந்துவிட்டோம், தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணன் முழுக்கக் கேட்டான். பிறகு சிரித்தான். "செவ்வந்தி, நேத்து உன் புருஷன் ஐஸ்ல வெச்சதை உங்க அண்ணி கண்ணால பார்த்தா. இன்னைக்கு நீ வந்து வெக்காதேன்ற. நான் இன்னா சின்னப் பையனா?"

"சத்தியமாச் சொல்றேன்ணா."

"சத்தியம் பண்ற அளவுக்கு ஐஸ் நல்லா வேலை செய்யுது போல" என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டு போனான். பந்தயம் தொடங்குகிற நிமிஷம் வரை பெட்டியைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர், நான் அண்ணனிடம் போய்ச் சொன்னதைப் பார்த்துவிட்டார். "பாட்டைத் தாம்பாளத்துல வெச்சுக் குடுத்திருக்கலாமே" என்று மட்டும் முணுமுணுத்தார்.

ஏரிக்குள் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். யாருக்கும் பாட்டு விஷயம் தெரியாது. சும்மா வேடிக்கை என்று வந்தவர்கள். ரஃபீக் பாய்தான் நடுவர். இரண்டு பேருக்கும் பேட்டரி விற்றவர் என்பதால் அவரைவிட நடுநிலையான ஆள் கிடையாது என்று முடிவாகியிருந்தது. விதியை உரக்கச் சொன்னார். நாற்பது சுற்று. காரைக் கையால் தொடக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நாற்பதாவது சுற்று முடிந்து முதலில் கழியைத் தொடுகிற கார் ஜெயித்தது.

அண்ணன் ஐஸ் பெட்டியைத் திறந்தான். புகை மாதிரி வந்தது. கூட்டத்தில் ஒரு மரியாதை முனகல் எழுந்தது. பையைப் பிரித்து, துண்டால் துடைத்து, பேட்டரியைக் காரில் மாட்டினான். என் வீட்டுக்காரர் நீல நிக்கலை மாட்டியதைப் பார்த்ததும் அவன் முகத்தில் இரக்கமே வந்துவிட்டது.

பாய் துண்டை வீசினார். நிக்கல் கிளம்பியது. அண்ணன் கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது. ஒரு துள்ளல், ஒரு நிறுத்தம். டீசலில் தண்ணீர் கலந்த படகு மாதிரி இருமிக்கொண்டே முதல் கழியைச் சுற்றுவதற்குள் எங்கள் கார் இரண்டு சுற்றை முடித்துவிட்டது. கூட்டம் சிரித்தது. கடலிலிருந்து கொண்டல் காற்று வேறு வீசிக்கொண்டிருந்தது. கனமான நிக்கல் உப்புத் தரையில் பிடித்து உட்கார்ந்து திரும்பியது, லித்தியக் கார் ஒரு திருப்பத்தில் காற்றுக்கு ஒருக்களித்துப் பிழைத்தது. பத்தாவது சுற்றில் நாங்கள் மூன்று சுற்று முன்னால் இருந்தோம். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

அப்போது லித்தியத்துக்குச் சூடு வந்துவிட்டது. ஓட ஓடத் தானே காய்ந்துகொள்ளும் பண்டம் அது, வெயிலும் சேர்ந்துகொண்டது. திணறல் நின்றது. கார் சீறிக்கொண்டு கிளம்பியது.

"பார்த்தியா? ஐஸ் இப்பத்தான் இறங்குது" என்றான் அண்ணன், சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி.

முப்பதாவது சுற்றில் ஒரு சுற்று மீட்டான். முப்பத்தாறில் இன்னொன்று. எங்கள் நிக்கல் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் கொஞ்சம் இறங்கியது, திருப்பத்தில் கொஞ்சம் தயங்கியது. முப்பத்தொன்பதில் இரண்டும் ஒட்டி வந்தன. நாற்பதாவது சுற்றின் கடைசித் திருப்பத்தில் லித்தியம் எங்களைத் தாண்டியது. எனக்கு வலையில் போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

கழிக்குப் பத்து எட்டு இருக்கும்போது லித்தியம் நின்றது. வேகம் குறையவில்லை, முனகவில்லை. ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. பின்னால் எங்கள் நிக்கல் ஊர்ந்து வந்து, ஊர்ந்து வந்து, அதற்கும் ஐந்து எட்டு பின்னால் ஓய்ந்தது.

கூட்டம் முன்னால் நெருக்கியது. பாய் இரண்டு கையையும் விரித்து யாரும் கிட்டே வரக் கூடாது என்றார்.

அண்ணன் விசையை விடாமல் அழுத்தினான். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கார் ஒரு விரல்கடை நகர்ந்து நின்றது. என் வீட்டுக்காரர் ரிமோட்டைத் தரையில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"செவ்வந்தி, தண்ணி குடு" என்றார்.

கொடுத்தேன். ஒரு பாட்டில் தண்ணீரை வாய்க்கு வாய் நிறுத்தி, ஏதோ விருந்துக்கு வந்தவர் மாதிரிக் குடித்தார். எனக்கு விளங்கிவிட்டது. வலை தூக்கும்போது டார்ச் மங்கினால் எங்கள் ஆட்கள் அணைத்து இடுப்பில் சொருகிக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் இன்னும் நாலு நிமிஷம் எரியும். இளைப்பாற விட்டால் பேட்டரிக்கு மறுபடி கொஞ்சம் மூச்சு வரும். அண்ணனுடையதற்கும் வரும், விட்டால்.

இந்தத் தடவையும் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணா, விசையிலேர்ந்து கையை எடு. கொஞ்சம் ஆற விடு" என்றேன்.

"உன் புருஷன் உக்காந்துட்டான்னா நானும் உக்காரணுமா?" என்றான், அழுத்துவதை நிறுத்தாமல்.

என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்போது கோபம் இல்லை. உண்மையைச் சொல்லி ஒருத்தனைத் தோற்கடிக்க முடியும் என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது போலிருந்தது. பாட்டிலை மூடி என்னிடம் கொடுத்தார். ரிமோட்டை எடுத்து, கண்ணில் விழுந்த தூசியைத் தொடுகிற மாதிரி விசையைத் தொட்டார்.

நிக்கல் நகர்ந்தது. பச்சை நண்டு கூடையிலிருந்து இறங்குகிற வேகம். லித்தியத்தின் பக்கத்தில் வந்தது. அண்ணன் இரண்டு கையாலும் அழுத்தினான். அவன் கார் ஒரு துடிப்பு துடித்தது. எங்களுடையது அதைக் கடந்தது. நாலு எட்டு. மூன்று. கழியில் முட்டிய சத்தம்கூடக் கேட்கவில்லை. முட்டிவிட்டது என்று பாய் குனிந்து பார்த்துச் சொன்னபிறகுதான் தெரியும்.

அண்ணன் தன் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னான்: "ஐஸ் பத்தலை."

மூன்று நாள் கழித்து அமாவாசைப் பாடு. விடிந்ததும் வலையைத் தூக்கியபோது கனம் தாங்காமல் படகே சாய்ந்தது. என் வீட்டுக்காரர் கரையிலிருந்த எனக்குக் கையை ஆட்டினார். கரைக்குக் கொண்டுவந்து கொட்டினோம். சொறி. கண்ணாடிக் களி மாதிரி, டவுனில் ஜெல்லி மீன் என்பார்களே, பட்டால் ஊறல் எடுக்குமே, அந்தச் சொறி மலைமலையாக. நடுவில் பத்திருபது இறால், வழி தெரியாமல் விருந்துக்கு வந்துவிட்ட மாதிரி. முதல் நாள் கடலிலிருந்து கூட்டமாக ஏரிக்குள் ஏறியிருந்ததாம். அண்ணன் வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தான். "இதுக்காடா அன்னைக்கு அவ்ளோ தண்ணி குடிச்ச மச்சான்?" என்றான். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, கை கால் எல்லாம் சொறிந்துகொண்டே சிரித்தார்கள்.

அண்ணன் தோற்ற பாட்டையும் ஒழுங்காகக் கொடுத்தான். ஊர்ப் பெரியவரிடம் போய், தங்கச்சி வலையில் சொறி ஏறிவிட்டது, மனசு கேட்கவில்லை, என் பாட்டை விட்டுத்தருகிறேன் என்று சொன்னான். பெரியவர் பத்துப் பேர் முன்னால் அவனைத் தட்டிக்கொடுத்தார். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று குப்பம் முழுக்க ஒரு வாரம் பேச்சு. ஜெயித்தது நாங்கள் என்று என் வீட்டுக்காரரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மச்சான் ரொம்ப நல்லவன் என்று ஆமாம் போட்டார்.

அடுத்த ஐப்பசியில் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவ எழுந்தவர் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். வாழ்ந்ததெல்லாம் நிக்கல் மாதிரி. எது பட்டாலும் தாங்குவார், களைப்பு வந்தால் காலையிலேயே சொல்லிவிடுவார். போனது மட்டும் லித்தியம். ரஃபீக் பாய் துக்கத்துக்கு வந்தபோது இதை அவரிடம் சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

கார் என்னிடம்தான் இருக்கிறது. மூன்று மாசத்துக்கு ஒரு தரம் அந்த நீல நிக்கலைச் சார்ஜ் போட்டு, வாசலில் நாலு சுற்று விடுவேன். இன்னும் ஓடுகிறது. மண்சட்டியில் இப்போது மீன் குழம்பு வைக்கிறேன்.

அண்ணன் ஒவ்வொரு சித்திரையிலும், ஏரி உள்வாங்கியதும் வருவான். பொன்னேரியில் ஒருத்தரிடமும் ஆரம்பாக்கத்தில் ஒருத்தரிடமும் புதிதாகக் கார் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு போட்டி. "செவ்வந்தி, இப்பவாவது உண்மையைச் சொல்லு. லித்தியத்தை எப்படி வெக்கணும்?" என்று கேட்பான். பாதி சார்ஜ், நிழலான இடம், ஓட்டுவதற்கு முன்னால்தான் முழுக்க ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் அதையே சொல்கிறேன். தாளையும் காட்டியிருக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போவான்.

போன சனிக்கிழமை அண்ணி வந்து இரண்டு கட்டி ஐஸ் கேட்டாள். எதற்கு என்றேன். மீனுக்கு என்றாள். அன்றைக்குக் காற்று, குப்பத்தில் ஒருத்தரும் வலைக்குப் போகவில்லை. ஐஸை உடைத்துக் கொடுத்துவிட்டு, கல்லுப்பு வேண்டாமா என்று நானே கேட்டேன்.